உரிந்த பூச்சின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: மெட்டல் ஸ்ப்ரே கோளாறுகள், அறிகுறிவாரியாக

தேய்ந்த பாகத்தின்மேல் உலோகத்தை உருக்கித் தெளித்துப் பூச்சு ஏற்றுவதுதான் மெட்டல் ஸ்ப்ரே. அப்படிச் செய்து அனுப்பிய ஷாப்ட், பூச்சு உரிந்து திரும்பி வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உரிஞ்ச துண்டைக் கொண்டு வந்தீங்களா?" பெரும்பாலும் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஷாப்டை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்து வருவார்கள். நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் துண்டுதான். அதன் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். விஷயம் இருப்பது முதுகில், அதாவது உலோகத்தோடு ஒட்டியிருந்த பக்கத்தில்.

எங்கள் பட்டறை கஞ்சிக்கோட்டில், வாளையார் செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்கள், மீதிப் பேர் பாலக்காட்டு மலையாளிகள். ஜாப்பும் எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கோவைப் பம்ப் கம்பெனிகளின் ஸ்லீவ், நூற்பாலை ரோலர், பொள்ளாச்சிப் பக்கத்து எண்ணெய் எக்ஸ்பெல்லரின் ஷாப்ட், ஆலத்தூர், நெம்மாறை அரிசி ஆலைகளின் பேரிங் சீட் என்று தினமும் ஏதாவது ஒன்று வந்து இறங்கும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை தெளிக்கும் கன்னைப் பற்றவைப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை. அதனால்தான் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகும் இந்த வழியை எழுதுகிறேன்.

பூச்சு எப்படிப் பிடிக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். பழைய சுவரில் சிமென்ட் பூச வேண்டுமானால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்துவார். கொத்திய பள்ளத்தில் கலவை போய்க் கவ்விக்கொள்ளும். நம் வேலையும் அதேதான். உருகிய துளிகள் வேகமாக வந்து மோதி, அப்பளம்போலத் தட்டையாகி, சொரசொரப்பைக் கவ்விக்கொண்டு உறைகின்றன. அடியிலுள்ள இரும்பு உருகுவதில்லை. வெல்டிங்கும் இதுவும் வேறு வேறு. சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் உல்ரிக் ஷூப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோகத்தைத் தெளிக்கக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அடிப்படை இதுவே. அப்போது அசிட்டிலின் சுடர், சுமார் 3,000 டிகிரி. இன்று பிளாஸ்மாவின் நடுப்பகுதி 10,000 டிகிரிக்கும் மேல். எரிபொருளையும் ஆக்சிஜனையும் எரித்து அதிவேகமாகத் தெளிக்கும் எச்.வி.ஓ.எஃப். கன்னில் துகள் வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டிப் பறக்கிறது. சூடும் வேகமும் மாறின, கவ்விப்பிடிக்கும் கதை மாறவில்லை. தெளித்தபின் சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கி ஒட்டவைக்கும் நிக்கல்-குரோம்-போரான் பவுடர் வேலை மட்டும் விதிவிலக்கு. அதில் அடி உலோகத்தோடு நிஜமாகவே கலப்பு உண்டாகிறது.

உறைபோல முழுசாகக் கழன்று வருகிறது

அதிகம் வருவதும் இதுதான், அதிகம் நஷ்டம் வைப்பதும் இதுதான். துண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். முதுகு நாலு விதத்தில் இருக்கலாம்.

பளபளவென்று, லேத்தில் ஓடிய கோடுகள் அப்படியே அச்சாகத் தெரிந்தால் பிளாஸ்டிங், அதாவது கிரிட் என்கிற கூரான துகளைக் காற்றால் அடித்துப் பரப்பைக் கொத்துவது, போதவில்லை. கிரிட் மழுங்கியிருக்கும். புது அலுமினா கிரிட்டை உள்ளங்கையில் எடுத்து விரலால் அழுத்தினால் குத்த வேண்டும். பழசு சர்க்கரைபோல வழுக்கும். சிலர் ஸ்டீல் ஷாட்டை அடித்துவிட்டு "பிளாஸ்டிங் பண்ணியாச்சு" என்பார்கள். ஷாட் உருண்டை. அது உலோகத்தைத் தட்டி அமுக்குமே தவிரக் கொத்தாது. முனையுள்ள கிரிட் வேண்டும். சாதாரண ஷாப்டுக்கு 24 மெஷ் அலுமினா போதும். ஆற்று மணலைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அதன் தூசி நுரையீரலைத் தின்றுவிடும், பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது.

ஷாப்ட் ஹார்டன் செய்ததாக இருந்தாலும் முதுகு இப்படித்தான் பளபளக்கும். கிரிட் அங்கே பல் பதிக்காது. நைட்ரைடிங் செய்த (நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கிய) மேல்தோல் என்றால் அதைக் கிரைண்ட் செய்து எடுத்துவிட்டுத்தான் தெளிக்க வேண்டும். ஹார்டு குரோம் பிளேட்டிங் மேலும் அப்படியே தெளிக்கக் கூடாது. ஜாப் வந்தவுடன் ஃபைலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃபைல் வழுக்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.

முதுகு பழுப்பாக இருந்தால் பிளாஸ்டிங்குக்கும் ஸ்ப்ரேக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் மறக்கவே முடியாது. ஒரு ஆடி மாதம், அரிசி ஆலை ஒன்றின் 60 மில்லிமீட்டர் பேரிங் சீட். சாயங்காலம் பிளாஸ்டிங் முடிந்தது. கன்னை எடுக்கும் நேரம் கரண்ட் போனது. இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, சுத்தமான துணியைச் சுற்றி வைத்துவிட்டுப் போனோம். காலையில் துணியைப் பிரித்தபோது சாம்பல் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. தெளித்தோம், கிரைண்ட் செய்தோம், அனுப்பினோம். பத்தே நாளில் திரும்பி வந்தது. பூச்சு ஒரு வளையல்போல ஷாப்டில் சுற்றிச் சுற்றி வந்தது, தட்டினால் கிண்ணென்ற சத்தமே இல்லை. வெட்டி எடுத்துத் திருப்பினேன். முதுகில் காப்பிப்பொடி தூவினதுபோல மெல்லிய பழுப்பு. பக்கத்தில் நின்ற தம்பி, "காலைல பாத்தப்ப ஒண்ணுமே இல்லீங்களேண்ணா" என்றான். உண்மைதான். கண்ணுக்குத் தெரிகிற துரு வருவதற்கு முன்பே பிடிப்பு போய்விடுகிறது.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் விழுந்த இடைவெளி. இடவப்பாதியில் தொடங்கும் மழைக்காலம் முழுக்க அரபிக்கடல் ஈரம் அந்த வழியாக நேரே நம் பட்டறைக்குள் வருகிறது. கணக்கைப் பாருங்கள். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதாவது 26 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ இருக்கும் எந்த உலோகத்தின் மேலும் தண்ணீர் படியும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கனமான ஷாப்ட் காலையில் 25 டிகிரியில் இருக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல அது வியர்த்துக்கொண்டிருக்கும். படலம் அவ்வளவு மெல்லிசு என்பதால் கண்ணுக்குப் படாது. உலோகம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. ஈரப்பதமானியும் உலோகச் சூடு பார்க்கும் ஒரு தெர்மாமீட்டரும் சேர்த்து வாங்க ஒரு ரிஜெக்ட் ஜாப்பின் செலவுகூட ஆகாது.

பிளாஸ்டிங்குக்கும் ஸ்ப்ரேக்கும் நடுவே பொதுவாக 4 மணி நேரம் வரை விடலாம் என்பார்கள். அது உலர்ந்த ஊர்க் கணக்கு. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும்போது எங்களுக்கும் அது ஒத்துவரும். ஆனி, ஆடியில் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. மாஸ்க்கிங், சக்கில் பிடிப்பது, டயல் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக பிளாஸ்டிங். தாமதமானால் யோசிக்கவே வேண்டாம், மறுபடி பிளாஸ்டிங் செய்யுங்கள்.

முதுகு நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால் முன்சூடு மிஞ்சிவிட்டது. ஈரத்தை விரட்ட 80 முதல் 120 டிகிரி வரை சூடாக்கினால் போதும். டார்ச்சைப் பிளாஸ்டிங் செய்த இடத்திலேயே பிடித்தால் அங்கே ஆக்சைடு படலம் வந்துவிடும். பக்கத்து உடம்பில் சூடு கொடுத்து உள்ளே பரவ விடுங்கள். இன்னொன்று. அசிட்டிலின் சுடர் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகும், குளிர்ந்த இரும்பில் சுடர் பட்டவுடன் அந்த ஆவி பனிபோலப் படியும். "சூடு காட்டியாச்சு" என்று ஐந்து நொடியில் நிறுத்துகிறவர் ஷாப்டை நனைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறார். ஓவன் இருந்தால் பிளாஸ்டிங்குக்கு முன்பே ஜாப்பை வெதுவெதுப்பாக்கிக்கொள்வது இதைவிட நல்லது.

நாலாவது, எண்ணெய். முதுகில் மினுக்கமான திட்டு, விரலில் தேய்த்தால் வழவழப்பு. காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது கம்ப்ரஸர் காற்று. வெள்ளைத் துணி ஒன்றை ஹோஸ் வாயிலிருந்து ஓரடி தூரத்தில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். ஈரமோ மஞ்சள் புள்ளியோ தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். டிரையர் இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம். மழைக்காலத்தில் டேங்க் அடியில் வடிக்கும் வால்வைத் திறந்தால் சொம்புக் கணக்கில் தண்ணீர் வரும், அதைத் தினமும் காலையில் திறக்க வேண்டும். துணி சோதனை எங்கள் பட்டறையில் விளக்கேற்றுவதுபோல ஒரு காலை வழக்கம்.

இரண்டாவது, ஜாப்பின் உடம்புக்குள்ளேயே எண்ணெய் ஊறியிருப்பது. எக்ஸ்பெல்லரின் வார்ப்பிரும்பு ஹவுசிங் இதற்குப் பெயர்போனது. வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெயில் ஊறி, கிராஃபைட் செதில்களின் வழியாக உள்ளே இறங்கியிருக்கும். தின்னரில் துடைத்தால் மேலே சுத்தம், சூடு ஏறியவுடன் உள்ளிருப்பது வெளியே கசியும். ஓவனில் 250 முதல் 300 டிகிரியில் சில மணி நேரம் வைத்துப் புகை அடங்கும்வரை வேகவிடுங்கள். ஆறியபின் பிளாஸ்டிங் செய்து, மறுபடி லேசாகச் சூடாக்கிப் பாருங்கள். கறுப்புத் திட்டு வந்தால் திரும்ப ஓவன். இப்படி மூன்று தடவை வைத்த ஹவுசிங்கும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கான ஜாப்பை அடித்த கிரிட்டை மற்ற ஜாப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு எக்ஸ்பெல்லர் ஹவுசிங் முழுத் தொட்டிக் கிரிட்டையும் கெடுத்துவிடும்.

முதுகு நாலு விதத்திலும் சேராமல், நல்ல சொரசொரப்பும் சாம்பல் நிறமுமாக இருந்தால் பாண்ட் கோட்டை, அதாவது பிடிப்புக்காக முதலில் கொடுக்கும் அடிப்பூச்சைப் பாருங்கள். நிக்கல்-அலுமினியம் ஒயரோ பவுடரோ 75 முதல் 150 மைக்ரான் வரை அடியில் கொடுத்தீர்களா? செராமிக் பூச்சுக்கு இது இல்லாமல் துணிய வேண்டாம்.

ஓரத்தில் மட்டும் தூக்குகிறது

அண்டர்கட்டின் (பூச்சுக்காக ஷாப்டில் கடைந்தெடுத்த பள்ளத்தின்) மூலையைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். துளிகள் அந்த மூலைக்குள் சரியாகப் போகாது. தூசி போய் நிரம்பும், மேலே பூச்சு பாலம் கட்டும், அடியில் வெற்றிடம். சுமார் 45 டிகிரிச் சாய்வு கொடுங்கள், மூலையை உருட்டுங்கள். ஷாப்டின் நுனிவரை பூச்சு வர வேண்டுமென்றால் நுனி விளிம்பைச் சாய்வாகச் சீவி (சேம்பர் போட்டு), பூச்சு அதன்மேல் மடங்கிப் பிடிக்கட்டும். கீவே (கீ உட்காரும் பள்ளம்), எண்ணெய்த் துளை இருந்தால் கார்பன் கட்டையைச் செதுக்கி, பூச்சின் மட்டத்தைவிடச் சற்று உயர்த்தி அடைத்துவிடுங்கள். கன் 90 டிகிரியில் நிற்பது நல்லது. 45 டிகிரிக்குக் கீழே சாய்த்தால் பிடிப்பும் இல்லை, அடர்த்தியும் இல்லை.

நடுக்கனத்தில் பிரிகிறது, அடியில் ஒரு படலம் ஒட்டியே இருக்கிறது

இது நல்ல செய்தி கலந்த கெட்ட செய்தி. தயாரிப்பு சரி, தெளிப்பில்தான் பிழை. பிரிந்த பரப்பில் மணல்மணலாக உருண்டைத் துகள் தெரிந்தால் அவை உருகாமல் வந்து சிக்கியவை. கன் தூரம் அதிகமாகியிருக்கும், அல்லது பவுடர் அதிகமாகப் போயிருக்கும், அல்லது சுடர் சக்தி குறைந்திருக்கும். ஆர்க் ஸ்ப்ரேக்கு (இரண்டு ஒயரை மின்சாரத்தால் உருக்கித் தெளிக்கும் முறை) 100 முதல் 200 மில்லிமீட்டர் வரை தூரம் வைக்கலாம். கை ஓயும்போது தூரம் தானாகவே கூடும், அதனால் நீளமான ரோலர்களுக்குக் கன்னை லேத்தின் டூல்போஸ்ட்டில் கட்டிவிடுவது நல்லது.

பிரிந்த பரப்பு மாவுபோல இருந்தால் வேறு கதை. ஒரு பாஸுக்கும் (கன் ஒருமுறை ஓடி முடிக்கும் ஓட்டம்) அடுத்ததற்கும் நடுவே டீ குடிக்கப் போயிருக்கிறார்கள், பறந்த தூசி படிந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் இழுக்கவில்லையென்றாலும் இப்படியாகும். தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. எக்ஸாஸ்ட் குழாயை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். குறிப்பாக அலுமினியம் தெளித்தபின் படியும் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும். கூடத்துக்குள் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

விரிசல் விடுகிறது

பத்தில் எட்டு தடவை சூடுதான் காரணம். இரும்பு 1 டிகிரிக்கு அதன் அளவில் சுமார் பத்து லட்சத்தில் 12 பங்கு பெருகும் என்று ஏட்டுக் கணக்கில் ஆரம்பித்தால் எந்த ஆபரேட்டரும் கேட்கமாட்டார், அதனால் ஷாப்ட் கணக்காகச் சொல்கிறேன். 60 மில்லிமீட்டர் ஷாப்ட் 30 டிகிரியிலிருந்து 230 டிகிரிக்குப் போனால் அதன் விட்டம் கிட்டத்தட்ட 0.14 மில்லிமீட்டர் பெருகும். முதல் பாஸில் குளிர்ந்து இறுகிய பூச்சு அந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நீளவாக்கில் கிழியும். ஷாப்டை 150 டிகிரிக்குக் கீழேயே வைத்திருங்கள். கன்னுக்கு இரண்டு பக்கமும் குளிர்காற்றுக் குழாய் வையுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் வேகமாக நகருங்கள். ஒரே பாஸில் கனம் ஏற்றும் ஆசை வேண்டாம்.

இரண்டாவது காரணம் கனம். தெளித்த ஒவ்வொரு துளியும் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். கனம் கூடக்கூட அந்த இழுப்பு சேர்ந்துகொண்டே போகும். இதில் எல்லா ஒயரும் ஒன்றல்ல. 13 சதவீதக் குரோமியம் உள்ள 420 ஸ்டீல் ஒயர் ஆறும்போது அதன் உள்கட்டமைப்பு மாறிச் சற்றே விரிவதால் சுருக்கம் ஈடாகிறது, கனமாக ஏற்றலாம். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒயர் அப்படியல்ல, நிறையச் சுருங்கும். "எஸ்.எஸ். தானே, 316 போடுங்க, துருப்பிடிக்காது" என்று கேட்கிற பார்ட்டிக்கு 2 மில்லிமீட்டர் தேய்ந்த ஷாப்டில் அதை ஏற்றிக் கொடுத்தால் விரிசலோடு திரும்பி வரும். அடியில் 420 ஏற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேலே மெல்லிசாக 316 கொடுக்கலாம்.

அளவெடுப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே 60 மில்லிமீட்டர் ஷாப்ட் 100 டிகிரியில் இருக்கும்போது மைக்ரோமீட்டர் வைத்தால் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். "அளவு வந்துடுச்சு" என்று நிறுத்திவிடுவோம். ஆறியபின் கிரைண்டிங்குக்கு மெட்டலே இருக்காது. அதன்மேல் மறுபடி தெளிப்பது பலவீனமான வேலை.

பூச்சில் கட்டி கட்டியாக விழுகிறது

ஆர்க் ஸ்ப்ரே என்றால் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் அதிகமானால் துளி பெரிசாகும், ஒயர் நுனி டிப்பில் ஒட்டும். ரொம்பக் குறைந்தால் பட் பட்டென்று வெடித்து ஆர்க் அணைந்து அணைந்து எரியும். ஆர்க் நிலையாக நிற்கும் மிகக் குறைந்த வோல்டேஜே சரியான வோல்டேஜ். ஆம்பியர் ஒயரின் வேகத்தோடு போகும், அதைத் தனியாகத் தேட வேண்டாம். அதன்பின் கான்டாக்ட் டிப்பின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, ஒயர் சுருளில் துருவோ மடிப்போ இருக்கிறதா, ஃபீட் ரோலர் வழுக்குகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். காற்றழுத்தத்தைக் கன் ஓடும்போது பார்க்க வேண்டும். மூடியிருக்கும்போது 5 பார் காட்டும் கேஜ், திறந்தவுடன் 3-க்கு இறங்கினால் ஹோஸ் மெல்லிசு அல்லது ஃபில்டர் அடைப்பு.

எச்.வி.ஓ.எஃப்-இல் கட்டி என்றால் பேரலுக்குள் பவுடர் ஒட்டிக் காய்ந்து, பிறகு பிய்த்துக்கொண்டு வருகிறது. பேரல் தேய்ந்து உள்ளே கோடு விழுந்திருக்கும், அல்லது பவுடரில் தேவைக்கு மேல் நைஸான தூள் கலந்திருக்கும். இந்தக் கன்களுக்கான கார்பைடு பவுடர் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் வரை. கட்டி விழ ஆரம்பித்தால் "இந்தப் பாஸ் முடியட்டும்" என்று நினைக்காதீர்கள். விழுந்த கட்டியைச் சுற்றி நிழல் விழுந்து, அங்கே துளை உண்டாகும். கிரைண்டிங்கில் அந்தக் கட்டி பெயர்ந்து குழியாகும்.

பவுடர் துடித்துத் துடித்து வருகிறது

மழைக்கால நோய். டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் இழுக்கும். தட்டில் மெல்லிசாகப் பரப்பி 100 முதல் 120 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் அரிசிபோலப் பொலபொலவென்று விழும். திறந்த டப்பாவை அன்றே காலி செய்வதுதான் எங்கள் வழக்கம்.

கிரைண்டிங்கில் புள்ளிப்புள்ளியாகக் குழி

எல்லாரும் பூச்சைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் வீலைப் பார்ப்பேன். மழுங்கின வீல் துகளை வெட்டாமல் பிடுங்கும். வீலை டிரஸ் செய்து (முகத்தைச் சீவிக் கூராக்கி), கட் ஆழத்தைக் குறைத்து, கூலன்ட்டைத் தாராளமாக விட்டு மேலும் கொஞ்சம் எடுங்கள். குழி குறைந்தால் வீல் பிழை. எவ்வளவு ஆழம் போனாலும் அதே அளவு குழி தொடர்ந்தால் பூச்சே நுண்துளை கொண்டது. ஓரளவு நுண்துளை இயல்பு. சுடர் ஸ்ப்ரேயில் 10 சதவீதத்துக்கு மேலேயும் போகும், நல்ல எச்.வி.ஓ.எஃப்-இல் 1 சதவீதத்துக்குள் அடக்கலாம். ஆர்க் ஸ்ப்ரே செய்த ஷாப்டில் கண்ணாடி மாதிரி பரப்பு கேட்கிற பார்ட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டங்ஸ்டன் கார்பைடுக்கு டயமண்ட் வீல்தான். சாதாரண வீல் வைத்தால் வெட்டாது, தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றி வலைபோல விரிசல் விடவைக்கும். வீலை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள், உள்ளிருந்து வெளியே தள்ளினால் ஓரம் பெயரும்.

பவுடர் தீர்கிறது, கனம் ஏறவில்லை

துகள் உருகாமல் பட்டுத் தெறிக்கிறது. கன் அடியில் தரையைப் பாருங்கள். கையில் எடுத்தால் புதுப் பவுடர்போல உருண்டோடினால் சூடு போதவில்லை. ஷாப்ட் ரொம்பச் சின்ன விட்டம் என்றால் சுடரில் பாதி பக்கவாட்டில் போய்விடும். அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் கொட்டேஷனிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். கனம் ஏற வேண்டுமென்று சூட்டை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது கார்பைடில் ஆபத்து. டங்ஸ்டன் கார்பைடு கார்பனை இழந்து நொறுங்கும் தன்மைக்கு மாறும். கனமெல்லாம் நன்றாக ஏறும், ஆனால் வேலையில் சில்லுச்சில்லாக உதிரும்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது, பிறகு கொப்பளம்

இதை உரிதலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொப்பளத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியான துரு கெட்டியாக நிரம்பியிருந்தால் பூச்சின் நுண்துளை வழியாகத் தண்ணீர் அடிவரை இறங்கிவிட்டது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், பூச்சை அடியிலிருந்து தூக்கும். இதற்கு மருந்து, துளையை அடைக்கும் சீலர். தெளித்து முடித்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியவுடன், எண்ணெய்க் கை படுவதற்கு முன்பு, கிரைண்டிங்குக்கும் முன்பு நீர்த்த எபாக்சியோ ஃபினாலிக்கோ தடவினால் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். கிரைண்டிங்குக்குப் பின் தடவினால் கூலன்ட் ஏற்கெனவே துளைகளைப் பிடித்திருக்கும்.

சீலரும் போட்டிருந்து கொப்பளம் வந்தால் பூச்சின் வகையே தவறு. பம்ப் ஸ்லீவுக்கு டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் கொடுத்தால், அரிக்கும் தண்ணீரில் கோபால்ட் கரைந்துபோகும். கோபால்ட் 10 சதவீதம், குரோமியம் 4 சதவீதம் சேர்ந்த வகை அங்கே நிற்கும். சிமென்ட் ஆலை, பாய்லர் போன்ற சூடான இடத்தில் டங்ஸ்டன் கார்பைடு சுமார் 500 டிகிரிக்கு மேல் தாங்காது, குரோமியம் கார்பைடு-நிக்கல் குரோம் 800 டிகிரிவரை தாங்கும். நூல் ஓடும் பாகத்துக்கு அலுமினா-டைட்டானியா. ஆர்டர் வாங்கும்போதே "என்ன தண்ணி, என்ன சூடு, எதுல உரசுது" என்ற மூன்று கேள்வியையும் கேட்டு ஜாப் கார்டில் எழுதுங்கள்.

ஷாப்ட் நன்றாக இருக்கிறது, ஆயில் சீல் கசிகிறது

பரப்பின் ஃபினிஷ்தான். எமரியால் குறுக்கே இழுத்து முடித்த ஷாப்டில் திருகுபோலக் கோடுகள் விழும், அது ஷாப்ட் சுற்றும்போது எண்ணெயைப் பம்ப் செய்வதுபோல வெளியே தள்ளும். கார்பைடு பூச்சில் மலைமுகடுபோல நிற்கும் நுனிகள் கிளாண்டு பேக்கிங்கை (ஷாப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பை) அரத்தால் ராவுவதுபோல ராவும். கிரைண்டிங்குக்குப் பின் டயமண்ட் பேஸ்ட்டோ டயமண்ட் பெல்ட்டோ வைத்து மெருகேற்றுங்கள்.

எதைச் செய்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது

அப்போது அந்த ஜாப் ஸ்ப்ரே வேலையே இல்லை. பூச்சு தேய்ந்த அளவைத் திருப்பித் தரும், போன பலத்தைத் தராது. கியர் பல், திருகு மரை, சுத்தியலடிபோல அடி விழும் இடம், ஒரே கோட்டில் பாரம் உருளும் இடம், இதெல்லாம் தெளிப்பில் நிற்காது. போன மாதம் ஒருவர், மூன்று பட்டறையில் தெளித்தும் நிற்காத ஷாப்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டு டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம்) தடவிப் பார்த்தேன். தோள்பட்டையின் மூலையில் சிவப்பாக ஒரு மயிரிழை, சுற்றளவில் கால்வாசிக்கு ஓடியிருந்தது. ஷாப்ட் பாரத்தில் வளையும்போதெல்லாம் அந்த விரிசல் வாய்திறந்து மூடும், மேலேயுள்ள பூச்சும் கூடவே கிழியும். அவரிடம் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டி, "இதுக்குப் பூச்சு போட்டா காசும் போகும், ஓடுறப்ப ஷாப்ட் ஒடிஞ்சா ஆளும் போகும்ங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அளவெடுத்துக்கொண்டு, புது ஷாப்டுக்கு ராடு வாங்கக் கோவைக்குப் போனார்.